ரெண்டாயிரம் ரூபா வாக்கி-டாக்கியும் தாம்பரம் மொட்டை மாடியும்

எங்க அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போன வாரம் ஒரு லிங்க் வந்து விழுந்துச்சு. கூடவே ஒரு மெசேஜ்.

"மழை சீசன் வருது. டவர் போனாலும் இது பேசும். பத்து செட் வாங்கி பிளாக்குக்கு ரெண்டுன்னு வெச்சுக்கலாம். ரேஞ்ச் 10 கிலோமீட்டர். லைசென்ஸ் எதுவும் தேவையில்ல."

கீழ வரிசையா கட்டைவிரல். செகரட்டரி மாமா மட்டும் ரெண்டு கட்டைவிரல்.

லிங்க்கைத் திறந்தா, என் அலமாரியில உக்காந்திருக்கற அதே செட்டு. பாவோஃபெங் யூவி-5ஆர். ரெண்டாயிரத்துச் சொச்சம் விலை. ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசறது) பக்கம் புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் முதல்ல வாங்கறது இதைத்தான், இல்லன்னா இதோட அண்ணன் தம்பி யாரையாவது.

மெசேஜ்ல "டவர் போனாலும் பேசும்" சத்தியமான உண்மை. கடைசி ரெண்டு வரி பொய்.

பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போச்சு. தண்ணி லாரி எப்ப வரும்னு கேக்கற குரூப்ல அவ்ளோ நீளமா எழுதினா ஆறாவது மாடியிலேர்ந்து இறங்கி வந்து அடிப்பாங்க. அதனால இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. அவங்க பயத்தை நான் கிண்டல் பண்ணல. 2015 டிசம்பர் 1 ராத்திரி வெள்ளத்துல இந்தப் பக்கம் இருந்தவங்க யாருக்கும் அது மறக்காது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருவெல்லாம் படகு போச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. அக்கா பெருங்களத்தூர்ல, நான் சேலையூர்ல. நடுவுல பஸ்ல போற தூரம்தான், உயிரோட இருக்காளான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இல்ல. அப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து அதே படத்தை இன்னொரு ரவுண்டு ஓட்டிச்சு. அப்போதான் ஹாம் லைசென்ஸ் எழுதணும்னு எனக்குப் புத்தி வந்துச்சு.

சரி, லைசென்ஸ் மேட்டரை முதல்ல முடிச்சுடறேன். இது போர்தான், ஆனா போலீஸ் ஸ்டேஷன் அதைவிட போர்.

இந்த செட்டு 136-லேர்ந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அப்புறம் 400-லேர்ந்து 500 சொச்சம் வரைக்கும் பேசும். அதுல நம்ம நாட்டு ஹாம்களுக்கு விட்டிருக்கற இடம் 144-லேர்ந்து 146, அப்புறம் 434-லேர்ந்து 438. அவ்ளோதான். மிச்ச இடமெல்லாம் போலீஸ், கப்பல், ரயில்வே, செக்யூரிட்டி கம்பெனின்னு வேற வேற ஆளுங்களோடது. செட்டு உங்களைத் தடுக்காது. எந்த நம்பரைத் தட்டினாலும் "சரிங்க"ன்னு கேட்டுக்கும். பட்டனை அமுக்கினா அங்க போய் பேசும். இந்த விலைக்கு இப்படி ஒரு கீழ்ப்படிதலான மிஷின், கையில யாருன்னு பார்க்காம வித்தா என்ன ஆகும்?

அதனாலதான் ஹாம் பேண்டுல பேச லைசென்ஸ். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூ.பி.சி. பிரிவு பரீட்சை வெச்சுக் குடுக்கறது. 12 வயசு ஆனா யாரும் எழுதலாம். ரெண்டு கிரேடு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கோடு வேண்டாம், கால்சைன் (ரேடியோவுல நம்ம அடையாளப் பேர்) வி.யூ.3-ன்னு ஆரம்பிக்கும். ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் உண்டு, வி.யூ.2. நான் வி.யூ.3. மிச்ச எழுத்தை இங்க போடல, ஏன்னா அதை வெச்சு என் வீட்டு அட்ரஸையே தேடிடலாம். 20 வருஷத்துக்கு 1,000 ரூபா கட்டினேன். மாசக் கணக்குல பார்த்தா நாலு ரூபா சொச்சம். கேபிள் டிவிக்காரர் கேட்டா அழுவார்.

2025-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆன்லைன் கடைங்க இந்த மாதிரி வாக்கி-டாக்கியை லைசென்ஸ் விவரம், ஃபிரீக்வென்சி விவரம் எதுவும் சொல்லாம விக்கறதைப் பத்தி நோட்டீஸ் அனுப்பி, தனியா விதிமுறையே போட்டுச்சு. ஆனா ஃபார்வர்டு மெசேஜுக்கு யார் நோட்டீஸ் அனுப்பறது!

அப்போ அசோசியேஷனுக்கு வழியே இல்லையா? இருக்கு. 446.0-லேர்ந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு 2018 விதியிலயே இருக்கு. அந்த இடத்துல மட்டும் குறைஞ்ச பவர்ல பேசற மாதிரியே செஞ்சு, அங்கீகாரம் வாங்கின செட்டுங்க தனியா கிடைக்குது. கேட்லேர்ந்து மோட்டார் ரூமுக்கு, மோட்டார் ரூம்லேர்ந்து ஆறாவது மாடிக்கு அது தாராளமா போதும். (யூவி-5ஆரை 446-க்குத் திருப்பி வெச்சுட்டு "இதுவும் அதானே"ன்னு கேக்காதீங்க. பவரும் அதிகம், ஆன்டெனாவும் கழட்டற டைப். அது கணக்குல வராது.)

இப்போ செட்டுக்கு வருவோம்.

டப்பாவைத் திறந்ததும் முதல் எண்ணம்: இவ்ளோதானா? கையடக்கமா, கறுப்பா, கனமும் இல்ல. செட்டு, பேட்டரி, குட்டை ரப்பர் ஆன்டெனா, பெல்ட் கிளிப், சார்ஜர் தொட்டி, காதுல மாட்ட ஒரு இயர்ஃபோன். ஆன் பண்ணா ஒரு அம்மா இங்கிலீஷ்ல "ஃபிரீக்வென்சி மோட்"ங்கறாங்க. எங்க வீட்டுக்காரர் ஹால்லேர்ந்து, "யாரு வந்திருக்கா?"ன்னு கேட்டார். 14-வது மெனுவுல போய் அந்த அம்மாவை அனுப்பி வெச்சேன்.

சத்தம் நல்ல கணீர். எஃப்.எம். ரேடியோவும் உண்டு, 101.4 ரெயின்போ சுத்தமா கேக்குது. பாட்டு ஓடும்போது யாராவது ஹாம்ல கூப்பிட்டா, பாட்டு தானா நின்னு அவங்க குரல் வரும், முடிஞ்சதும் திரும்ப பாட்டு. இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. சமையலறையில வெச்சுட்டு வேலை பார்க்கலாம்.

பக்கவாட்டுல ஒரு ஆரஞ்சு பட்டன். லேசா தட்டினா எஃப்.எம். அழுத்திப் பிடிச்சா?

அழுத்திப் பிடிச்சது நாத்தனார் பையன். ராத்திரி பத்தரை மணி. சைரன்! அந்தச் சின்ன உடம்புல அவ்ளோ சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. லைட்டும் சேர்ந்து மினுக்குது. கீழ செக்யூரிட்டி அண்ணா விசில் ஊதறார், பக்கத்து வீட்டு நாய் குரைக்குது, பையன் அழறான். அதே பட்டனைத் திரும்பத் தட்டினா நிக்கும். தெரிஞ்சுக்கோங்க, வாங்கின அன்னிக்கே தெரிஞ்சுக்கோங்க.

மெனுவைப் பத்தி என்ன சொல்ல. பூஜ்ஜியத்துலேர்ந்து 40 வரைக்கும் நம்பர். பேரெல்லாம் பாதி முழுங்கின எழுத்து. ரிப்பீட்டர்னு ஒண்ணு இருக்கு. உயரமான இடத்துல நிக்கற ஸ்டேஷன், நம்ம குரலை ஒரு ஃபிரீக்வென்சியில வாங்கி இன்னொண்ணுல பலமா திருப்பி அனுப்பும். ரெண்டுக்கும் நடுவுல வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இதை செட்டுல ஏத்தணும்னா, 25-வது மெனுவுல மேலயா கீழயான்னு திசை, 26-ல எவ்ளோ இடைவெளி, 13-ல டோன் (ரிப்பீட்டர் கதவைத் திறக்கற, காதுக்குக் கேக்காத தாழ்ந்த ஓசை), 27-ல சேவ். முடிஞ்சுதா? இல்ல. நட்சத்திரப் பட்டனைத் தட்டி ஃபிரீக்வென்சியைத் தலைகீழாக்கி, அதே இடத்துல இன்னொரு தடவை சேவ் பண்ணணும். இது எல்லாமே திரையில மேல் வரியில நின்னாத்தான் நடக்கும். கீழ் வரியில நின்னு பண்ணா செட்டு எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு எதையுமே ஞாபகம் வெச்சுக்காது.

அதனால கம்ப்யூட்டர்ல பண்ணுங்க. சிர்ப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. எக்செல் மாதிரி வரிசையா நிரப்பி, கேபிள் வழியா ஏத்தினா 128 சேனலும் ஒரே மூச்சுல. ஆனா கேபிளைப் பார்த்து வாங்குங்க. நான் வாங்கின கேபிளுக்குள்ள இருந்த சிப் டூப்ளிகேட். விண்டோஸ் கண்டுபிடிச்சு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பழைய டிரைவரைத் தேடிப் போட்டு, ரீஸ்டார்ட், கேபிளைப் பிடுங்கி, திரும்ப ரீஸ்டார்ட். ஒரு ஞாயித்துக்கிழமை அதுலயே போச்சு, மத்தியானச் சாப்பாடு அன்னிக்கு தயிர்சாதம்தான். இன்னொரு விஷயம், கேபிளை ஜாக்குல கடைசி வரைக்கும் அமுக்கணும். பாதியில நின்னா "ரேடியோ பதில் சொல்லல"ன்னு வரும். நல்லா அமுக்கினா சின்னதா டக்குனு சத்தம் கேக்கும்.

இப்போ அந்த 10 கிலோமீட்டர்.

கூடுவாஞ்சேரியில எனக்கு ஒரு ஹாம் நண்பர். ரிட்டயர் ஆனவர். ஹாம் உலகத்துல ஆம்பளைங்க எல்லாரும் ஓல்ட் மேன், பொம்பளைங்க எல்லாரும் யங் லேடி, வயசு வித்தியாசமே கிடையாது. (எனக்கு நாப்பத்தஞ்சு தாண்டியாச்சு. இதுக்காகவே ஆயிரம் ரூபா கட்டலாம்.) செட்டு வந்த புதுசுல அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஹால்லேர்ந்து: ஒண்ணும் இல்ல. பால்கனி: ஒண்ணும் இல்ல. மொட்டை மாடி: கரகர, நடுவுல என் பேர் மாதிரி ஏதோ ஒண்ணு. போன்ல கூப்பிட்டு, "கேக்குதா சார்?"ன்னு கேட்டேன். "நீங்க பேசறீங்கன்னு தெரியுதும்மா, என்ன பேசறீங்கன்னு தெரியல"ன்னார். வண்டலூர் பக்கத்துக் குன்றுங்க குறுக்க உக்காந்திருக்கு. மிச்சத்துக்கு ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அடுக்குமாடி.

அதே மொட்டை மாடி, அதே செட்டு. வேற ஒரு சாயங்காலம் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல போற நேரத்தை ஆப்ல பார்த்து வெச்சுக்கிட்டு நின்னேன். 145.800 மெகாஹெர்ட்ஸ். அப்பப்போ அங்கேர்ந்து ஹாம் ரேடியோவுல படம் அனுப்புவாங்க. நேரம் ஆச்சு. முதல்ல வெறும் இரைச்சல். அப்புறம் இரைச்சல் அடங்கி, கீச்சு கீச்சுன்னு ஒரு ராகம். போன்ல படத்தைப் பிரிக்கற ஆப்பைத் திறந்து செட்டுக்குப் பக்கத்துல பிடிச்சேன். மேலேர்ந்து வரி வரியா ஒரு படம் இறங்குது! ஒரு படம் வர ரெண்டு நிமிஷம். கீழ்ப்பாதி வர்றதுக்குள்ள ஸ்டேஷன் இறங்கிப் போச்சு, கடைசியில வெறும் புள்ளி. ஆனா பாதிப் படம் வந்துச்சு. 400 கிலோமீட்டர் உசரத்துல, மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்துல போறவங்க அனுப்பினது, சேலையூர்ல துணி காயப்போடற கம்பிக்குக் கீழ நின்ன என் போனுக்கு. கீழ ஓடிப்போய் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். "ஏன் பாதிதான் இருக்கு?"ன்னார். நான் பேசல.

கூடுவாஞ்சேரி எட்டல, விண்வெளி எட்டுது. ஏன்?

இந்த அலை நேர்க்கோட்டுல போறது. மொட்டை மாடியில நின்னு டார்ச் அடிக்கற மாதிரிதான், எதிராளி கண்ணுக்குத் தெரியற இடத்துல இருந்தா எவ்ளோ தூரமும் போகும், நடுவுல சுவர் வந்தா போச்சு. தலைக்கு மேல போற ஸ்டேஷனுக்கும் எனக்கும் நடுவுல காத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. கூடுவாஞ்சேரிக்கும் எனக்கும் நடுவுல மலை. பட்டனை அமுக்கினா வர்ற நாலஞ்சு வாட் பவர்ல குறையே இல்ல. உசரம்தான் குறை.

கணக்கு ரொம்ப சுலபம். ஆன்டெனா எத்தனை மீட்டர் உசரத்துல இருக்கோ, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்குங்க. அத்தனை கிலோமீட்டர்ல அடிவானம். நெஞ்சு உசரத்துல செட்டைப் பிடிச்சா (ஒண்ணரை மீட்டர்) சுமார் 5 கிலோமீட்டர். 15 மீட்டர் மாடியில நின்னா 16. பரங்கிமலை மாதிரி 300 அடி மேட்டுல ஒரு ஆன்டெனா இருந்தா 40 பக்கம் வரும். இதெல்லாம் நடுவுல ஒண்ணுமே இல்லாத பொட்டல்ல. நம்ம கேம்ப் ரோடுல நெஞ்சு உசரத்துல பேசினா ரெண்டு தெரு தாண்டினாலே நல்ல ரேஞ்ச். அதனாலதான் ரிப்பீட்டர் வேணும். விளம்பரத்துல போடற கிலோமீட்டரெல்லாம் எந்தக் கடற்கரையில அளந்தாங்களோ.

உசரம் கூட்ட முடியலன்னா ஆன்டெனாவை மாத்தலாம். கூட வர்ற ரப்பர் குட்டை, இந்த மாதிரி எல்லா செட்டுலயும் அதான் பலவீனம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலை நீளம் ரெண்டு மீட்டர் சொச்சம், அதுல கால்வாசி அரை மீட்டர். அந்த நீளம்தான் சரியான ஆன்டெனா. பைசா செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு: 49 சென்டிமீட்டர் ஒயரை வெட்டி, ஒரு முனையில தோலைச் சீவி, ஆன்டெனா திருகற இடத்துல வெளி வளையத்தைத் தொடற மாதிரி சுத்தி, மிச்சத்தைத் தொங்க விடுங்க. எலி வாலாட்டம் இருக்கும். மாடியில கரகரன்னு கேட்டது, வாலைக் கட்டினப்புறம் வார்த்தையா கேட்டுச்சு. செட்டை நிமிர்த்திப் பிடிக்கறதும் முக்கியம். சினிமாவுல போலீஸ்காரர் மாதிரி சாய்ச்சுப் பிடிச்சா பாதி சிக்னல் போயிடும்.

அடுத்து பழைய டிவி ஆன்டெனா பட்டை ஒயர்ல ஒண்ணு செஞ்சேன். அதுக்கு கனெக்டர் வாங்க எலெக்ட்ரிக் ட்ரெயின்ல எழும்பூர் போய், அங்கேர்ந்து ரிச்சி ஸ்ட்ரீட். கடைக்காரர் முதல் கேள்வி, "மேலா ஃபீமேலாக்கா?" மத்த செட்டுல பொதுவா துளை இருக்கும், இதுல ஊசி செட்டு பக்கம் இருக்கு. அதனால நாம வாங்க வேண்டியது எஸ்.எம்.ஏ. ஃபீமேல். வைஃபை பெட்டி ஆன்டெனா கனெக்டரும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனா சேராது. செட்டைக் கையோட கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்க. அந்தப் பட்டை ஒயரை தண்ணி டேங்க் மேல மூங்கில்ல கட்டினப்புறம் கூடுவாஞ்சேரி சார் சொன்னது: "இப்போ பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி இருக்கும்மா." அன்னிக்கு நாங்க பேசினது முருங்கைக்காய் விலை. (ஹாம்ல வியாபாரம் பேசக்கூடாது. விலை கூடிப்போச்சுன்னு புலம்பலாம்.)

எல்லாரும் கேக்கற ஒரு கேள்வி. "ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துலதானே இருக்கீங்க, பைலட் பேசறது கேக்குமா?" கேக்காது. விமானங்க 118-லேர்ந்து 137 மெகாஹெர்ட்ஸுக்குள்ள ஏ.எம். முறையில பேசும். இது எஃப்.எம். செட்டு, ஆரம்பமே 136. கேக்கலைன்னு சந்தோஷப்படுங்க. விமானப்படைத் தளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவுல குடியிருந்துகிட்டு லைசென்ஸ் இல்லாத வயர்லெஸ்ஸோட மாடியில நிக்கறது நல்லதுக்கில்ல. என்கிட்ட லைசென்ஸ் இருந்தும், மாடிக்குப் போகும்போது அதோட ஜெராக்ஸ் பையில இருக்கும்.

இந்த ஊருக்கும் ரேடியோவுக்கும் ரொம்பப் பழைய சம்பந்தம், தெரியுமா? 1924-ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டின்னு ஒருத்தர் நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சார். அந்த வருஷம் ஜூலை 31-லேர்ந்து ஒலிபரப்பு. அரசாங்கம் ரேடியோ நடத்தறதுக்கு முன்னாடி, ஆர்வக்கோளாறு பிடிச்ச ஆளுங்க தங்களோட காசைப் போட்டு நடத்தினது. 1927-ல பணமில்லாம நின்னுபோய், டிரான்ஸ்மிட்டரை கார்ப்பரேஷனுக்குக் குடுத்துட்டாங்க. 1930 ஏப்ரல் 1-லேர்ந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பு நடத்துச்சு. ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் வந்தது 1938-லதான். பொழுதுபோக்குக்குன்னு ஆரம்பிக்கற கிறுக்கங்களைக் கேவலமா பார்க்காதீங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட இதைத்தான் சொல்லுவேன்.

ஆபத்துக்கு ஹாம் உதவுமாங்கறதுக்கு ஒரு உதாரணம் போதும். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்னு ஒரு ஹாம், கால்சைன் வி.யூ.2.ஆர்.பி.ஐ., போர்ட் பிளேர்ல ஸ்பெஷல் அனுமதியோட ஸ்டேஷன் போட்டிருந்தாங்க. அந்தமான்லேர்ந்து ஹாம் குரல் கேக்கறது ரொம்ப அபூர்வம், உலகம் பூரா அவங்களைப் பிடிக்க காத்துக்கிட்டு இருந்துச்சு. 26-ஆம் தேதி சுனாமி. போன் எல்லாம் போச்சு. பொழுதுபோக்கு ஸ்டேஷன் அப்படியே அவசர ஸ்டேஷன் ஆச்சு. யார் உயிரோட இருக்காங்க, யாருக்கு என்ன வேணும்னு அவங்க வழியா நாட்டுக்குச் செய்தி போச்சு.

ஆனா அவங்க பேசினது கடல் தாண்டிப் போற ஷார்ட்வேவ் செட்டுல, கையில வருஷக்கணக்கான அனுபவத்தோட. ரெண்டாயிரம் ரூபா செட்டு அதைச் செய்யாது. இதால தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி பேசலாம். அதுகூட 2015 மாதிரி ஒரு ராத்திரியில பெரிய விஷயம்தான். அக்கா இருக்கற பெருங்களத்தூருக்கு என் டேங்க் மேலேர்ந்து தாராளமா எட்டும். அக்காதான் பரீட்சை எழுத மாட்டேங்கறா.

வெள்ளத்துக்குன்னு வாங்கறவங்க ஒரு விஷயத்தைப் பார்க்கவே மாட்டாங்க. பழைய மாடலோட பேட்டரியை அந்தத் தொட்டியில வெச்சுத்தான் ஏத்த முடியும், தொட்டிக்கு 10 வோல்ட் அடாப்டர் வேணும். கரண்ட் போன மூணாவது நாள் அது வெறும் கறுப்பு டப்பா. யூ.எஸ்.பி.-சி போர்ட் வெச்ச பேட்டரியோட இப்போ வருது, அதை வாங்கினா பவர் பேங்க்ல ஏத்திக்கலாம். கூட ஒரு ஸ்பேர் பேட்டரி.

என் தீர்ப்பு? விலைக்கு அருமையான செட்டு. காது கூர்மை, சத்தம் நல்லா இருக்கு, கீழ விழுந்தாலும் மனசு உடையாது. மெனு கொடுமை, ஆன்டெனா குட்டை, ரெண்டுக்கும் மாத்து இருக்கு. மதுரை, கோயம்புத்தூர்னு பேச ஆசைப்பட்டா இது வேண்டாம், அதுக்கு ஷார்ட்வேவ் செட்டுக்குக் காசு சேருங்க.

ஆனா வரிசையை மாத்தாதீங்க. முதல்ல புத்தகம், அப்புறம் பரீட்சை, அப்புறம் லைசென்ஸ், கடைசியில செட்டு. தொலைத்தொடர்புத் துறையோட சரள் சஞ்சார் தளத்துல ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். கேள்வி எல்லாம் பத்தாங்கிளாஸ் ஃபிசிக்ஸ் கொஞ்சம், சட்டதிட்டம் கொஞ்சம். ஓம் விதியை மறந்து முப்பது வருஷம் ஆன நானே பாஸ் பண்ணிட்டேன். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் யாராவது படிக்க ஆரம்பிச்சா கமெண்ட்ல சொல்லுங்க, என் நோட்ஸை அப்படியே தர்றேன். காபி கொட்டின பக்கம் ரெண்டு இருக்கு, பரவாயில்லன்னா.